35 ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கரும் 6 லட்ச ரூபாய் ஸ்பீக்கரும்: காசு எங்கே போகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நண்பர் வீட்டில் 6 லட்ச ரூபாய்க்கு வாங்கிய பெரிய ஸ்பீக்கர் ஜோடியை ஒரு மாலை முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து, 35 ஆயிரத்துக்கு வாங்கிய, அலமாரியில் வைக்கும் அளவுள்ள உங்கள் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் அதே பாட்டுகளைப் போட்டிருக்கிறீர்கள். பதினேழு மடங்கு விலைக்கு ஏற்ற வித்தியாசம் தெரியவில்லை. 'என் காதில் கோளாறா, நண்பர் ஏமாந்துவிட்டாரா?' என்று கேட்கிறீர்கள். எது வாங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. காசு எங்கே போகிறது, அதில் எவ்வளவு காதுக்கு வந்து சேர்கிறது என்பதுதான் உங்கள் சந்தேகம்.

முதலில் நிம்மதியாக இருங்கள், உங்கள் காது நன்றாகவே இருக்கிறது. நண்பரும் ஏமாறவில்லை. நான் இருபத்தாறு வருடமாகச் சென்னையில் ஸ்பீக்கர் பழுதுபார்ப்பதும், பெட்டி அடித்து, ஒலியைத் தாழ்ந்தது, உச்சமானது என்று பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் போடுவதும், கேட்பவர்களுக்கு வீட்டில் செட் பண்ணிக் கொடுப்பதுமாக இருக்கிறேன். தொழிலுக்கு வந்த காலத்தில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் 'இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து நல்லதாக வாங்குங்கள்' என்றுதான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அது சரியான பதில். இன்றைக்குச் சரியில்லை. நல்ல ஸ்பீக்கருக்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, எப்படிச் செய்ய வேண்டும் என்கிற அறிவு. இன்னொன்று, காற்றைத் தள்ளுகிற பலம். முதலாவது இப்போது ஏறக்குறைய இலவசமாகிவிட்டது. இரண்டாவதற்கு இன்றும் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அறிவு எப்படி மலிந்தது என்று சொல்கிறேன், கதை கனடாவில் தொடங்குகிறது. ஃப்ளாய்ட் டூல் என்பவர் 1965-இல் ஒட்டாவாவில் இருக்கும் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் சேர்ந்தார். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, எது எந்த பிராண்ட் என்று தெரியாமல் ஆட்களைக் கேட்கவைத்து மதிப்பெண் போடச் சொன்னார். அதே ஸ்பீக்கர்களை எதிரொலி இல்லாத அறையில் வைத்து அளந்தும் பார்த்தார். அதுவரை 'ஒவ்வொருவர் காதும் ஒவ்வொரு மாதிரி, ரசனையை அளக்க முடியாது' என்பதுதான் எல்லோரும் சொல்லும் பேச்சு. ஆனால் கண்ணை மறைத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் ஒரே வகை ஸ்பீக்கரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நேராக முன்னால் வரும் ஒலி கீழிருந்து மேல்வரை ஏற்ற இறக்கம் இல்லாமல் சமமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் போகும் ஒலியும் அதே சாயலில், சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். அவ்வளவுதான். 1985, 86-இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். அந்த ஆய்வுக்கூடத்தைப் பயன்படுத்திக்கொண்ட பி.எஸ்.பி., பாராடைம் போன்ற கனடா கம்பெனிகள் நடுத்தர விலையில் நல்ல ஸ்பீக்கர் செய்து பெயர் வாங்கின.

1991-இல் டூல் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஷான் ஆலிவ் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். 1994-இல் இருவரும் செய்த ஒரு சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஹார்மனில் வேலை செய்யும் 40 பேருக்கு நான்கு ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் ஒருமுறையும், கண்ணால் பார்க்கும்படி ஒருமுறையும் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒன்று விலை குறைந்த, பாஸுக்கு மட்டும் தனிப் பெட்டி (சப்வூஃபர்) வைத்த சின்ன செட். திரை இருந்தபோது நன்றாக மதிப்பெண் வாங்கிய அந்தச் சின்ன செட், கண்ணுக்குத் தெரிந்ததும் சரிந்துவிட்டது. ஒலியையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இப்படி. நாம் ஷோரூமில் உட்கார்ந்து, பளபளக்கும் கறுப்பு பாலிஷைப் பார்த்துக்கொண்டே கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் 2004-இல் ஆலிவ் 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளை வைத்து, கேட்பவர்கள் எதை விரும்புவார்கள் என்று முன்கூட்டியே கணிக்கும் சூத்திரம் ஒன்றைக் கொடுத்தார். கணிப்புக்கும் உண்மையான மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு 0.86 வந்தது. 1 வந்தால் முழுப் பொருத்தம் என்றால், மனித ரசனையைப் பற்றிய விஷயத்தில் 0.86 என்பது மிகப் பெரிய எண். அந்தச் சூத்திரத்தில் விலைக்கு இடமே கிடையாது.

இந்த அறிவு ஒரு சாதாரண பிளாஸ்டிக் வளையமாக எப்படி மாறுகிறது என்று பாருங்கள். உங்கள் ஸ்பீக்கரின் முன்பக்கத் துணியைக் கழற்றினால், உச்ச ஒலி தரும் சின்ன ட்வீட்டரைச் சுற்றி ஆழமில்லாத கிண்ணம் போல ஒரு குழிவு இருக்கும். அதற்கு வேவ்கைட் என்று பெயர். ஒலியின் அலைநீளம், முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்பும் கோனின் அகலத்தை விடப் பெரிதாக இருக்கும்வரை ஒலி நாலாபக்கமும் பரவும். இரண்டும் சமமாகத் தொடங்கும்போது டார்ச் வெளிச்சம் மாதிரி முன்னால் குவிய ஆரம்பிக்கும். 2000 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 2000 அதிர்வு) அலைநீளம் சுமார் 17 சென்டிமீட்டர். தாழ்ந்த ஒலி தரும் 6.5 இன்ச் வூஃபரின் அகலமும் கிட்டத்தட்ட அதேதான். ஆக, வூஃபர் குவியத் தொடங்கும் அதே இடத்தில் கிராஸ்ஓவர் ஒலியை ட்வீட்டரிடம் ஒப்படைக்கிறது. ட்வீட்டரோ ஒரே ஒரு இன்ச். அந்த இடத்தில் அது நாலாபக்கமும் இறைக்கும். நேராக உட்கார்ந்து கேட்டால் எல்லாம் சமம். ஆனால் பக்கவாட்டில் அந்த ஒரு பகுதி மட்டும் புடைத்துக்கொண்டு போய், சுவரில் மோதி, உங்கள் காதுக்குத் திரும்பி வருகிறது. வயலினில் ஒரு கீச்சு, பெண் குரலில் ஒரு கூர்மை, ஒரு மணி நேரம் கேட்டால் வரும் அலுப்பு, இவற்றுக்குப் பல சமயம் இதுதான் காரணம். நம் வீடுகளில் சுவரெல்லாம் சிமெண்ட் பூச்சு, தரையெல்லாம் டைல்ஸ். திரும்பி வருவது நமக்கு இன்னும் அதிகம்.

அந்தக் கிண்ணம் ட்வீட்டரின் பரவலைச் சுருக்கி வூஃபரோடு ஒத்துப்போகவைக்கிறது. கூடவே ட்வீட்டரின் கீழ்ப்பகுதி ஒலிக்குக் கொஞ்சம் பலமும் கொடுக்கிறது. ட்வீட்டர் குறைவாக உழைத்தால் போதும், பிசிறும் குறையும். கிண்ணம் எந்த வளைவில் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். முன்பு ஒவ்வொரு வளைவையும் கடைந்து, அளந்து, தூக்கிப் போட்டு, மறுபடி கடைய வேண்டும். இப்போது கணினியிலேயே நூற்றுக்கணக்கான வளைவுகளை ஓட்டிப் பார்க்கலாம். கண்டுபிடித்த பிறகு அது ஒரு அச்சு. ஐம்பதாயிரம் ஸ்பீக்கருக்கு அதே அச்சுதான், ஒன்றுக்கு ஆகும் செலவு சில ரூபாய். ஹார்மன் தன் பெரிய ஸ்டுடியோ மானிட்டரான (ஒலிப்பதிவுக் கூட ஸ்பீக்கர்) ஜே.பி.எல். எம்2-வுக்காக உருவாக்கிய வேவ்கைட் வடிவத்தின் சாயலை, 2013-இல் எல்.எஸ்.ஆர்.305 என்ற 5 இன்ச் மானிட்டரில் கொண்டுவந்தது. அப்போது ஒன்றின் விலை சுமார் 150 டாலர். உள்ளேயே இரண்டு ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்). நான் முதல்முறை அதை மேஜையில் வைத்துக் கேட்டபோது, ஸ்பீக்கரைப் போட்டவரிடம் 'இதன் விலையைத் திரும்பச் சொல்லுங்கள்' என்று கேட்டேன்.

இன்னொரு உதாரணம் ஆண்ட்ரூ ஜோன்ஸ். கே.இ.எஃப். என்ற பிரிட்டிஷ் ஸ்பீக்கர் கம்பெனியில் தொடங்கி, பிறகு டி.ஏ.டி. நிறுவனத்துக்காகப் பல்லாயிரம் டாலர் விலையுள்ள ஸ்பீக்கர்களை வடிவமைத்தவர். அதே மனிதர் 2012-இல் பயனியருக்காக எஸ்.பி.-பி.எஸ்.22 என்ற சின்ன ஸ்பீக்கரைச் செய்தார். 4 இன்ச் வூஃபர், வளைந்த பெட்டி, ஜோடி 130 டாலர் அளவில். அந்த விலையில் பலர் ஒற்றைக் கெப்பாசிட்டரோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் ஆறு பாகங்கள் கொண்ட முழு கிராஸ்ஓவர் போட்டார். 2015-இல் இலாக் கம்பெனிக்காக டெபு என்ற மலிவு ஸ்பீக்கர் வரிசையையும் செய்தார். பெரிய ஸ்பீக்கரில் பழகிய கை, சின்ன ஸ்பீக்கரில் உட்காரும்போது தன் அறிவை வெளியே வைத்துவிட்டு வருவதில்லை. உட்காரும் இடத்தில் பட்ஜெட் மட்டும்தான் மாறுகிறது.

அளக்கும் கருவியும் இப்படித்தான் மலிந்தது. எழுபதுகளில் கே.இ.எஃப். மாதிரி ஒரு கம்பெனி கணினியை வைத்து ஸ்பீக்கரை அளந்தது என்றால் அது பெரிய முதலீடு. இன்றைக்கு ஆர்.இ.டபிள்யூ. என்ற மென்பொருள் இலவசம், ஒரு யூ.எஸ்.பி. மைக் சில ஆயிரம் ரூபாய். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மொட்டை மாடியில் ஸ்பீக்கரை உயரமான ஸ்டாண்டில் ஏற்றி, பத்து பத்து டிகிரியாகத் திருப்பி நானே அளக்கிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கும் கிளிப்பல் நிறுவனத்தின் கருவி ஒன்று, ஸ்பீக்கரைச் சுற்றி மைக்கைத் தானே நகர்த்தி, தனி அறை இல்லாமலேயே முழு ஒலிப் பரவலையும் கணக்கிட்டுக் கொடுத்துவிடும். இப்போது நூற்றுக்கணக்கான ஸ்பீக்கர்களின் வரைபடங்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியில் கிடக்கின்றன. மோசமாகச் செய்து மறைத்துவைப்பது கடினமாகிவிட்டது.

தயாரிப்புப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டிக்கும் வூஃபருக்கும் என்ன பொருத்தம் என்ற கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்திலும் எழுதிவைத்துவிட்டார்கள். இன்று ஒரு பள்ளி மாணவன் போனிலேயே அந்தக் கணக்கைப் போடலாம். எம்.டி.எஃப். பலகையை இயந்திரம் அரை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டுகிறது. பெரிய பிராண்டுகளும் சின்ன பிராண்டுகளும் பல சமயம் சீனாவில் ஒரே வட்டாரத்துத் தொழிற்சாலைகளில்தான் செய்கின்றன. இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒருவர் 4 லட்சத்துக்கு வாங்கிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பிராண்ட் பெயர் வேண்டாம். 'புதிதிலிருந்தே பாட்டு ஏதோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கிறது, வயசாகிவிட்டதோ என்று சும்மா இருந்துவிட்டேன்' என்றார். பெட்டி அற்புதமான வேலைப்பாடு. விரலால் தட்டினால் கருங்கல்லைத் தட்டியது போலச் சத்தமே இல்லை. வூஃபரைக் கழற்றி உள்ளே பார்த்தேன். கிராஸ்ஓவரில் ஒரு காயில், இரண்டு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். கெப்பாசிட்டர் ஒவ்வொன்றும் கட்டை விரல் தடிமனில், விலை உயர்ந்த ரகம். அளந்து பார்த்தால் வூஃபரும் ட்வீட்டரும் சேரும் இடத்தில், குரலின் உயிர் இருக்கிற பகுதியில், 6 டெசிபல் பள்ளம். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே பள்ளம், ஆகவே பழுது இல்லை, வடிவமைப்பே அப்படி. புதிதாக ஒரு கிராஸ்ஓவர் கட்டி மாட்டினேன், பாகங்களுக்கு ஆன செலவு 5 ஆயிரத்துக்குள். அவர் தான் எப்போதும் கேட்கும் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவர் கொடுத்த காசு பெட்டிக்கும், பாலிஷுக்கும், கப்பலுக்கும், கடைக்கும் போயிருக்கிறது. அறிவுக்குப் போகவில்லை.

சரி, இப்போது மறுபக்கம். நண்பரின் ஸ்பீக்கர் எங்கே வெல்லும்? காற்றில். ஒரே சத்தத்துக்கு, ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் இருந்து 40-க்குப் போனால் நான்கு மடங்கு, 20-க்குப் போனால் பதினாறு மடங்கு. இந்தக் கணக்கில் தள்ளுபடி கிடையாது. பாஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். உங்கள் 5 இன்ச் வூஃபரின் கோன் பரப்பு தோராயமாக 90 சதுர சென்டிமீட்டர். 12 இன்ச் வூஃபருக்கு 500. உங்களுடையது அதே காற்றைத் தள்ள ஐந்து மடங்குக்கு மேல் உள்ளும் வெளியும் ஆட வேண்டும், அவ்வளவு ஆட அதில் இடமே இல்லை. பெட்டியைச் சின்னதாக வைத்துக்கொண்டு ஆழமான பாஸ் வேண்டுமென்றால் சத்தத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். 1954-இல் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர்.-1 என்ற சின்னப் பெட்டியில், அலமாரி அளவு பெட்டிகளுக்கு ஈடான பாஸை வரவழைத்து உலகத்தையே வியக்கவைத்தார். ஆனால் அதற்கு விலையாகப் பலமான ஆம்ப் தேவைப்பட்டது. அந்த ஒப்பந்தம் இன்றும் அப்படியே இருக்கிறது.

அடுத்தது சூடு. நீங்கள் கொடுக்கும் வாட்ஸில் மிகச் சிறிய பங்குதான் ஒலியாகிறது, மீதியெல்லாம் கோனை ஆட்டும் செம்புச் சுருளான வாய்ஸ் காயிலில் வெப்பம். செம்பு ஒரு டிகிரி சூடானால் அதன் மின்தடை சுமார் 0.39 சதவீதம் ஏறும். 100 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 40 சதவீதம். நீங்கள் வால்யூமைத் திருகுகிறீர்கள், சத்தம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. உச்சத்தில் வர வேண்டிய அடி மழுங்கிவிடுகிறது. பெரிய காயில், பெரிய மேக்னெட், வெப்பத்தை வெளியேற்றும் உலோகச் சட்டம் எல்லாம் எடைக்கு எடை காசு. ஒரு வாட்ஸுக்கு ஒரு மீட்டரில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கர் அங்கே 100 டெசிபல் தர 32 வாட்ஸ் போதும், 106 வேண்டுமென்றால் சுமார் 126 வாட்ஸ். சின்ன காயில் அங்கேதான் திணறும்.

இதை நானே ஒருமுறை சோதித்தேன். ஆறு நண்பர்களை உட்காரவைத்து, நடுவில் மெல்லிய மல் துணியைத் திரையாகக் கட்டி, ஒரு விலை உயர்ந்த ஜோடியையும் ஒரு மலிவான ஜோடியையும் மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்து அரை டெசிபலுக்குள் சமமாக்கிவிட்டுத்தான் தொடங்கினேன். கொஞ்சம் சத்தமாக இருப்பது காதுக்கு 'சத்தம்' என்று தெரியாது, 'நன்றாக இருக்கிறது' என்று தெரியும், அதனால்தான். மிதமான சத்தத்தில் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம். ஆறில் நான்கு பேர் மலிவான ஜோடியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டு, வால்யூமைக் கோயில் மண்டபத்தில் கேட்பது போல ஏற்றினேன். தவிலில் முதல் சுற்று விழுந்ததுமே ஆறு பேரும் விலை உயர்ந்த ஜோடியைக் காட்டினார்கள். மலிவான ஜோடியில் தவிலின் இடந்தலை அடி, அட்டைப் பெட்டியில் அடித்தது போல இருந்தது. ஆறு பேரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் மேலே சொன்ன இயற்பியலோடு அது அப்படியே ஒத்துப்போகிறது.

நீங்கள் நண்பர் வீட்டில் எவ்வளவு சத்தத்தில் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. பேச்சுக்கு இடையூறு இல்லாத சத்தத்தில் கேட்டிருந்தால், அந்த 6 லட்சத்தில் காற்றுக்காகக் கொடுத்த பங்கு அன்று வேலையே செய்யவில்லை. இன்னொன்று, அறை. 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸில் ஒலி சுவருக்குச் சுவர் நின்றுகொண்டு ஆடும். சுவரோரத்தில் பாஸ் வயிற்றைக் குலுக்கும், இரண்டு மீட்டர் தள்ளி அறை நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பதில் ஸ்பீக்கரை விட அறைக்குத்தான் பங்கு அதிகம். செங்கல் சுவர் பாஸை வெளியே விடாது, உள்ளேயே வைத்துக்கொள்ளும். பெரிய ஸ்பீக்கரைச் சின்ன அறையில் மூலையில் தள்ளி வைத்தால், அதன் பலமே அதற்கு எதிராகத் திரும்பிவிடும். ஆலிவின் ஆய்வில் ரசனையில் 30 சதவீத அளவு பாஸைச் சார்ந்தது என்று வருவதால் இது சின்ன விஷயமில்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். டூல், ஆலிவ் சோதனைகள் பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கரில், மேற்கத்திய இசையை வைத்துச் செய்தவை. தம்புராவின் ஜீவாளி தரும் ரீங்காரமோ கடத்தின் அடியோ கேட்டுப் பழகிய காது அதே முடிவுக்கு வரும் என்றுதான் என் அனுபவம் சொல்கிறது, ஆனால் அது அனுபவம்தான், ஆய்வில்லை. ஒலி பக்கவாட்டில் அகலமாகப் பரவுவது நல்லதா, குறுகலாகப் பரவுவது நல்லதா என்பதில் விவரம் தெரிந்தவர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். அது கேட்பவரையும் அறையையும் பாட்டையும் பொறுத்தது என்பது என் எண்ணம். பெட்டியின் அதிர்வை ஓரளவுக்கு அடக்க வேண்டும் என்பது சரி, அதற்கு மேல் கல்லிலும் அலுமினியத்திலும் பெட்டி செய்வது காதுக்கு எவ்வளவு சேர்க்கிறது என்பது விவாதத்துக்குரியது. கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதால் பயன் உண்டு என்பதை என் மீட்டரும் காட்டவில்லை, திரைக்குப் பின்னால் என் காதும் கேட்கவில்லை. என் வேலை முழுக்கச் சாதாரண கோன், டோம் ஸ்பீக்கர்களில்தான். எலக்ட்ரோஸ்டாட்டிக் போன்ற வேறு வகைகளுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். மலிவானதெல்லாம் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. அளந்து பார்த்து ஒதுக்கிய மலிவு ஸ்பீக்கர்கள் என் பட்டறையில் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம். பின் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னால் கொண்டுவாருங்கள், ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும், முன்னால் தரையில் கனமான ஜமுக்காளம் ஒன்றை விரியுங்கள். காசு செலவழிக்கத் தோன்றினால் நல்ல சப்வூஃபர் ஒன்று வாங்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதனிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் 5 இன்ச் வூஃபர் அந்தச் சுமையிலிருந்து விடுபட்டதும் நடுப்பகுதி தெளிவாவதை முதல் பாட்டிலேயே கேட்பீர்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஜோடியைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போங்கள். அவருடைய ஆம்ப்பிலேயே மாட்டி, போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டு இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, ஒரு துணியைக் கட்டிவிட்டு மூன்றாவது ஆளை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். முதலில் மெதுவாகவும், பிறகு சத்தமாகவும் கேளுங்கள். நண்பரும் உட்காரட்டும். என்ன கேட்டது என்பதை இருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதிவைத்துவிட்டு, கடைசியில் துணியை எடுங்கள்.